மின்னொளி கபடி எடுக்க 1500டி போதுமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். தேனி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் கேனான் 1500டி இருக்கிறது, அதோடு சேர்ந்து வந்த 18-55, 55-250 லென்ஸ்களும் இருக்கின்றன. என் தம்பி ஊர் அணியில் ரைடர். தை பிறந்தால் சுற்றுவட்டாரத்தில் மின்னொளி கபடி ஆரம்பித்துவிடும், நானும் கேமராவோடு போய்விடுவேன். ஆனால் எடுக்கிற படங்களில் பாதி கலங்கி இருக்கிறது, மீதி கறுப்பாக இருக்கிறது. கேமராவை விற்று மிரர்லெஸ் வாங்கு என்கிறார் ஒரு நண்பர். 150-600 லென்ஸ் இல்லாமல் ஸ்போர்ட்ஸ் எடுக்க முடியாது என்கிறார் இன்னொருவர். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. மகள் பள்ளியில் கால்பந்து ஆடுகிறாள், அதற்கும் சேர்த்து வழி சொல்லுங்கள். படங்களில் வாட்டர்மார்க் போடலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, வணக்கம். நண்பர்கள் சொன்ன இரண்டுமே உங்களுக்கு இப்போது வேண்டாம். கேனானின் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், புதிதாகவே பத்தாயிரத்தை ஒட்டிக் கிடைக்கும். மீதிப் பணத்தைத் தொடாதீர்கள். அப்புறம், களத்தில் நீங்கள் உட்காருகிற இடத்தை மாற்றுங்கள். இந்த இரண்டையும் செய்தாலே இந்தத் தையில் உங்கள் படங்கள் வேறு மாதிரி வரும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரியாமல் செட்டிங்கை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் அடுத்த ஊரில் விளக்கு மாறியதும் மறுபடியும் கறுப்புப் படம்தான் வரும்.

முதலில் உங்கள் படங்கள் ஏன் கெட்டுப்போகின்றன என்று பார்ப்போம். 55-250-ஐ முழுக்க நீட்டினால் அதன் அதிகபட்சத் திறப்பு எஃப் 5.6 (எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கபடியில் ஆட்டக்காரரை அசைவில்லாமல் நிறுத்த 1/500 நொடி ஷட்டர் குறைந்தபட்சம் வேண்டும். ஒரு சாதாரண கிராமத்து மின்னொளிக் களத்தில் எஃப் 1.8 வைத்து அந்த ஷட்டருக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில், அதே ஷட்டரில், எஃப் 5.6 என்றால் ஐஎஸ்ஓ 32,000 பக்கம் போக வேண்டும். 1500டி-யில் ஐஎஸ்ஓ 6400 வரைதான் இருக்கிறது, மெனுவில் நீட்டிப்பைத் திறந்தால் 12,800. ஆக, நீங்கள் ஆட்டோவில் விட்டால் கேமரா வெளிச்சத்துக்காக ஷட்டரை 1/60, 1/80 என்று இறக்கிவிடுகிறது, படம் கலங்குகிறது. நீங்களே 1/500 வைத்துவிட்டால் வெளிச்சம் பற்றாமல் படம் கறுக்கிறது. நீங்கள் எழுதிய இரண்டு வகைக் கெட்ட படத்துக்கும் காரணம் இந்த ஒன்றுதான். லென்ஸில் ஐஎஸ் என்று எழுதியிருக்கிறதே என்று கேட்கலாம். அது உங்கள் கை நடுக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும், ஓடுகிற ரைடரை நிறுத்தாது.

இப்போது அந்த 150-600-ஐ எடுத்துக்கொள்வோம். சந்தையில் கிடைக்கிற அந்த வகை லென்ஸ்களின் திறப்பு எஃப் 5-இல் ஆரம்பித்து 6.3-இல் முடியும், எடை இரண்டு கிலோவை ஒட்டி வரும். பறவை எடுக்க, பகலில் பெரிய மைதானத்தில் கிரிக்கெட் எடுக்க அருமையான லென்ஸ். ஆனால் ஆண்கள் கபடிக் களத்தின் மொத்த நீளமே 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். உங்களுக்கு 8 மீட்டர் தூரத்தில் நிற்கிற ரைடரை 1500டி-யில் 150 எம்எம் வைத்துப் பார்த்தால் தலையும் மார்பும்தான் உள்ளே இருக்கும். காலைப் பிடிக்கிறவர் ஃப்ரேமுக்கு வெளியே போய்விடுவார். காலைப் பிடிக்கிறது தெரியாத கபடிப் படத்தை வைத்து என்ன செய்வது?

மிரர்லெஸ் விஷயத்தில் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் வரிசை தவறு. கேனான் ஆர்10 மாதிரி ஒரு மிரர்லெஸ் பாடி (லென்ஸ் சேராத கேமரா) நொடிக்கு 15 படம் எடுக்கும், ஆளை அடையாளம் கண்டு ஃபோகஸைத் தொடர்ந்து கூடவே கொண்டுபோகும். உங்கள் 1500டி-யில் நொடிக்கு 3 படம்தான், ஃபோகஸ் புள்ளிகள் 9 மட்டும். பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பட்ஜெட்டில் புது பாடியோடு வரக்கூடிய லென்ஸ் எது? அந்த வரிசையில் வருகிற 18-45-இன் திறப்பு எஃப் 4.5-இலிருந்து 6.3. இப்போது வைத்திருக்கிற 18-55-ஐவிட அது இருட்டு. விலை உயர்ந்த பாடியை வாங்கிவிட்டு அதே கறுப்புப் படத்தை வேகமாக எடுப்பீர்கள். லென்ஸை முதலில் வாங்குங்கள். நாளை மிரர்லெஸ் வாங்கினாலும் அடாப்டர் போட்டு இதே 50-ஐ அதில் மாட்டிக்கொள்ளலாம், போட்ட பணம் வீணாகாது.

யாரைக் கேட்டாலும் 85 எஃப் 1.8 வாங்கு என்பார்கள். அது நல்ல லென்ஸ்தான், மோட்டாரும் 50 எஸ்டிஎம்-ஐவிட வேகமாக ஃபோகஸ் செய்யும். கூடைப்பந்து, வாலிபால் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். உங்கள் பாடியில், கபடிக்கு, 50 முதலில் என்று நான் சொல்வதற்கு இரண்டு காரணம். ஒன்று, பரப்பு. களத்தின் மூலையில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் உங்கள் பக்கத்துப் பாதியில் நடக்கிற பிடிகளில் பல ஐந்திலிருந்து ஒன்பது மீட்டருக்குள் நடக்கும். 9 மீட்டரில் 50 எம்எம் சுமார் 4 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். ரைடரும் அவர் மேல் விழுகிற நான்கு பேரும் உள்ளே வருவார்கள். அதே இடத்தில் 85 காட்டுவது 2.4 மீட்டர்தான்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். எஃப் 1.8-இல் முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் தெளிவாக இருக்கும் என்று பாருங்கள். 6 மீட்டரில் 50 எம்எம் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் தருகிறது. 85 தருவது ஒரு அடியை ஒட்டித்தான். கபடியில் ஆள் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பார், உங்கள் கேமராவின் ஃபோகஸ் கொஞ்சம் பின்தங்கியே வரும். அந்த ஒரு மீட்டர் ஆழம்தான் உங்கள் படத்தைக் காப்பாற்றும். 85 வேண்டுமென்றால் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் ஊரில் யாராவது கல்யாண போட்டோகிராபரிடம் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். அவர்களில் பலரிடம் அந்த லென்ஸ் இருக்கும், முகூர்த்தம் இல்லாத நாளில் சும்மாதான் பையில் கிடக்கும். பழையதாக வாங்குவதானால் செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து உள்ளே பாருங்கள். மெல்லிய நூல் மாதிரிப் பரவியிருந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். அப்பர்ச்சர் (திறப்பு) இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தாலும் வேண்டாம். உங்கள் கேமராவிலேயே மாட்டி, எஃப் 1.8-இல் கிட்டத்திலும் தூரத்திலும் பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

சரி, இனி களத்துக்கு வருவோம். உட்காருகிற இடத்தைப் பற்றி நான் நிறையச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் லென்ஸைவிட இதில்தான் படம் இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் நடுக்கோட்டுக்கு நேராகப் பக்கவாட்டில் நின்றுகொண்டு எடுக்கிறார்கள். அங்கே அம்பயர் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பார். ஆட்டக்காரர்களும் பக்கவாட்டுத் தோற்றத்தில்தான் கிடைப்பார்கள். பின்பக்க எல்லைக்கோட்டுக்கு நடுவில் போனால் அவுட் ஆனவர்கள் உட்காரும் இடம் குறுக்கே வரும். நீங்கள் மூலைக்குப் போங்கள். பக்கக்கோடும் பின்கோடும் சேருகிற மூலை, அதிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி.

மூலையில் என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். எதிரணி ரைடர் உங்கள் பக்கத்துப் பாதிக்குள் கபடி பாடி வருகிறார் என்றால் அவர் முகம் உங்களைப் பார்த்து வரும். உங்களுக்கு மிக அருகில் கார்னரில் நிற்கிறவர் குனிந்து கணுக்காலைப் பிடிக்கப் பாய்வதும் முன்னாலேயே நடக்கும். அடுத்த ரெய்டு எதிர்ப்பக்கம் போகும். அப்போது ரைடரின் முதுகுதான் தெரிகிறது என்று கேமராவை இறக்கி வைத்துவிடாதீர்கள். கபடியின் மிகச் சிறந்த படம் அங்கேதான் இருக்கிறது. பிடிபட்டதும் அவர் நடுக்கோட்டை நோக்கித் திரும்புவார், அதாவது உங்களை நோக்கி. பின்னால் நான்கு பேர் இடுப்பையும் தொடையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க, அவர் கையை நீட்டிக் கோட்டைத் தொடப் பார்ப்பார். முகத்தில் முழுப் பலமும் தெரியும், விரல் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியும் தெரியும். 50 எம்எம்-இல் அது கொஞ்சம் சின்னதாக வரும், பரவாயில்லை, வெட்டிக்கொள்ளலாம். உங்கள் கேமரா 24 மெகாபிக்சல். பாதியை வெட்டினாலும் செய்தித்தாள் அளவுக்குத் தாராளமாகப் போதும்.

நின்றுகொண்டு எடுக்காதீர்கள். தரையில் உட்காருங்கள், அல்லது ஒரு முழங்கால் போடுங்கள். கேமரா ஆட்டக்காரரின் இடுப்பு உயரத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் பின்னணியாக மண் தரைதான் வரும், ஆளும் குட்டையாகத் தெரிவார். கீழிருந்து எடுத்தால் அதே ஆள் எழும்பி நிற்பார், பின்னால் கூட்டமும் முகங்களும் வரும். உட்காருவதில் இன்னொரு நன்மை, பின்னால் இருக்கிற பெரியவர்களுக்கு மறைக்காது, "தம்பி, உட்காருப்பா" என்கிற சத்தமும் வராது. எந்த மூலை என்பதை ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே தீர்மானியுங்கள். நாலு மூலைக்கும் நடந்து போய்ப் பாருங்கள். எங்கிருந்து பார்த்தால் ஃபோகஸ் லைட் நேராக லென்ஸுக்குள் அடிக்கவில்லையோ, எங்கிருந்து பார்த்தால் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் ஆட்டக்காரர் தலைக்குப் பின்னால் வரவில்லையோ, அது நல்ல மூலை.

விழாக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அம்பயரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிடியில் நான்கைந்து பேர் சேர்ந்து கோட்டுக்கு வெளியே வந்து விழுவது சாதாரணமாக நடக்கும். அதனால் சவுக்குக் கம்பில் முதுகு ஒட்டிக்கொண்டு உட்காராதீர்கள், சட்டென்று பின்னால் விலக இடம் வேண்டும். வியூஃபைண்டரில் ஒரு கண் இருக்கும்போது இன்னொரு கண்ணையும் திறந்தே வைத்திருக்கப் பழகுங்கள். பையை முன்னால் வைக்காதீர்கள். அதன் மேல் யாராவது விழுந்து கால் பிசகினால் ஒரு பிள்ளையின் சீசனே போய்விடும். ஃப்ளாஷ் கூடவே கூடாது. ரெய்டுக்கு இருக்கிற 30 நொடியில், மூச்சை அடக்கிக்கொண்டு ஏழு பேரின் காலையும் கையையும் கவனித்துக்கொண்டிருக்கிற ஒருவர் கண்ணில் ஒளியை அடிப்பது அநியாயம். கேமராவின் பாப்-அப் ஃப்ளாஷ் தானாக எழும்பாமல் இருக்க ஆட்டோ மோடை விட்டு வெளியே வாருங்கள்.

செட்டிங் இதுதான். மோடு டயலை எம்-இல் (மேனுவல்) வையுங்கள். ராத்திரி ஆட்டத்தில் களத்தின் வெளிச்சம் மாறாது, ஆனால் கேமரா மீட்டர் கறுப்பு வானத்தையும் வெள்ளை ஜெர்சியையும் பார்த்துப் பார்த்து ஏமாறும். அதனால் நீங்களே வைத்துவிடுவது நல்லது. எஃப் 2, 1/500, ஐஎஸ்ஓ 3200-இல் ஆரம்பியுங்கள். அணிகள் வார்ம்-அப் செய்யும்போது ஒருவர் முகத்தை எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். முகம் இருட்டாக இருந்தால் முதலில் எஃப் 1.8, பிறகு ஐஎஸ்ஓ 6400. தாராளமாகக் கூட்டுங்கள், புள்ளி புள்ளியாக வருமே என்று பயப்படாதீர்கள். ஐஎஸ்ஓ-வைக் குறைத்து எடுத்துவிட்டு வீட்டில் கம்ப்யூட்டரில் வெளிச்சம் ஏற்றினால்தான் புள்ளி இன்னும் அசிங்கமாக வரும். வெளிச்சம் நன்றாக இருக்கிற களம் என்றால் ஷட்டரை 1/800 வரை ஏற்றுங்கள், ரைடர் தாவும்போது பாதம்கூடத் தெளிவாக வரும். களத்தின் ஓரங்கள் நடுவைவிட இருட்டாக இருக்கும் என்பதையும் வார்ம்-அப்பிலேயே ஒரு படம் எடுத்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபோகஸை ஏஐ சர்வோவில் (நகர்கிற ஆளை விடாமல் தொடர்கிற முறை) வையுங்கள். ஒன்பது புள்ளியையும் திறந்து விடாதீர்கள், நடுப்புள்ளி ஒன்று மட்டும். உங்கள் கேமராவில் நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் பார்க்கும், குறைந்த வெளிச்சத்தில் நம்பத்தக்கது அது ஒன்றுதான். அதை ரைடரின் நெஞ்சு எண்ணின் மேல் வைத்துக்கொண்டே தொடருங்கள். எண்ணின் விளிம்பில் நிறம் சட்டென்று மாறுவதால் ஃபோகஸுக்குப் பிடிமானம் கிடைக்கும். அப்புறம் மெனுவில் கஸ்டம் ஃபங்ஷனுக்குள் போய் ஃபோகஸ் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து எடுத்து, பின்னால் கட்டைவிரலுக்குக் கிட்டே இருக்கிற நட்சத்திரப் பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள். கபடியில் இதற்குப் பெரிய பயன் உண்டு. ரைடருக்கும் உங்களுக்கும் நடுவே அம்பயரோ இன்னொரு ஆட்டக்காரரோ குறுக்கே வந்தால் கட்டைவிரலை எடுத்துவிட்டால் போதும், ஃபோகஸ் இருந்த தூரத்திலேயே நிற்கும், நீங்கள் தொடர்ந்து எடுக்கலாம். முதல் இரண்டு மூன்று ஆட்டங்களில் கை தடுமாறும், அதற்குப் பிறகு பழைய முறைக்குப் போக மனசு வராது.

ரா-வில் (சென்சார் பதிந்ததை ஜேபெக் ஆக்காமல் அப்படியே வைக்கிற ஃபைல்) எடுங்கள். அதற்குக் காரணம் விளக்கு. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. 1/500-இல் எடுக்கும்போது கேமரா அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு துண்டை மட்டும் பிடிக்கிறது. அதனால்தான் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படத்தில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று மஞ்சளடித்து மங்கலாகவும் வருகிறது. கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டாம். பழைய மெட்டல் ஹாலைடு விளக்கிலும் மலிவான எல்இடியிலும் இது அதிகம், நல்ல டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கிற பாகம்) உள்ள எல்இடியில் கிட்டத்தட்ட இருக்காது. செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பார்த்தால் எந்தக் கம்பத்து விளக்கு துடிக்கிறது என்று தெரிந்துவிடும். துடிக்காத விளக்கு முகத்தில் விழுகிற மூலைக்குப் போங்கள். புதிய கேமராக்களில் இதைச் சமாளிக்கத் தனி வசதி இருக்கிறது. உங்களிடம் இல்லாததால் முக்கியமான கணத்தில் ஒரே ஒரு படத்தோடு நிறுத்தாமல் இரண்டு மூன்றாக எடுங்கள், நிறத்தை ரா-வில் சரிசெய்துகொள்ளலாம். ரா-வில் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் கேமரா சீக்கிரமே மூச்சு முட்டி நின்றுவிடும், அதனால் இரண்டு மூன்று என்பது உங்கள் கேமராவுக்கு ஏற்ற கணக்கும்கூட.

இங்கேதான் அந்த நொடிக்கு 3 படம் விஷயத்துக்கு வர வேண்டும். 30 நொடி ரெய்டு முழுக்க அழுத்திப் பிடித்தாலும் 90 படம் வராது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே நொடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கால் நீட்டித் தொட்டுவிட்டுத் திரும்புவதற்கு அவ்வளவு நேரமே தேவையில்லை. ஆகவே உங்கள் கேமராவில் ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் படம் கிடைக்கும். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய நம்பிக்கை, கபடி ஊரில் வளர்ந்தவர் நீங்கள். கார்னரில் நிற்கிறவர் முழங்காலை மடக்கிக் கையைத் தரைக்கு அருகில் கொண்டுபோனால் பாய்ச்சல் வரப்போகிறது. கை கோர்த்து நிற்கிற செயினில் இருவருக்கும் நடுவே இடைவெளி சட்டென்று குறைந்தால் வளைக்கப் போகிறார்கள். ரைடர் எடையை முழுக்கப் பின்காலுக்கு மாற்றினால் முன்கால் நீளப் போகிறது. இரண்டு ரெய்டு வெறுமையாகத் திரும்பி மூன்றாவது ரெய்டுக்குப் போகிறார் என்றால் ஏதாவது நடந்தே தீரும், அதிலும் புள்ளி எடுக்காவிட்டால் அவர் அவுட். தடுக்கிற பக்கம் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்றால், கூடுதல் புள்ளி தருகிற சூப்பர் டேக்கிளுக்கு உயிரைக் கொடுத்துப் பாய்வார்கள். இந்த மாதிரி நேரத்தில் கேமரா முகத்தில் இருக்க வேண்டும், கட்டைவிரல் அழுந்தியிருக்க வேண்டும். தொடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு அழுத்தினால் அது போயிருக்கும். தொடப்போகிறார் என்று தோன்றுகிறபோதே அழுத்துங்கள்.

இதற்குப் பயிற்சி சாயங்காலப் பயிற்சி ஆட்டத்திலேயே கிடைக்கும். பகல் வெளிச்சத்தில், போட்டிப் பதற்றம் இல்லாமல், தம்பி எந்தக் காலை முதலில் வைக்கிறார், எந்தப் பக்கம் திரும்பி ஓடுகிறார் என்று பாருங்கள். ஒவ்வொரு ரைடருக்கும் ஒரு பழக்கம் உண்டு. எதிரணி அதைத்தான் கவனித்துப் பிடிக்கிறது, நீங்களும் அதையே கவனியுங்கள்.

18-55-ஐ வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கபடி என்றால் பிடி மட்டும் இல்லையே. களத்துக்குள் இறங்கும்போது மண்ணைத் தொட்டு நெற்றியில் வைக்கிற கை, கணுக்காலில் பட்டை சுற்றிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிற பையன், பாயின்ட் போனதும் தலையில் கை வைக்கிற கோச், டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி நிற்கிற குழந்தைகள், மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டை கட்டக் கட்டப் பேசுகிறவர். இவர்கள் யாரும் ஓடவில்லை. 18 எம்எம் பக்கம் எஃப் 3.5-இல், 1/125 ஷட்டரில் எடுத்துவிடலாம். பத்து வருஷம் கழித்து ஊர்க்காரர்கள் தேடிக் கேட்கப்போவது பெரும்பாலும் இந்தப் படங்களைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் லென்ஸைக் களத்தின் ஓரத்தில் வைத்து மாற்றாதீர்கள். மண் தரையில் ஆட்டம் நடக்கும்போது புழுதி காற்றிலேயே நிற்கும், சென்சாரில் உட்கார்ந்துவிடும். இடைவேளையில் தள்ளிப் போய், கேமரா வாயைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு மாற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஊதுபம்பால் ஊதிவிட்டுத்தான் துணியால் துடைக்க வேண்டும், நேராகத் துடைத்தால் மணல் கண்ணாடியைக் கீறும். மழைக்காலத்தில் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

மகளின் கால்பந்துக்கு எதுவுமே வாங்க வேண்டாம். நல்ல வெயிலில் 55-250 நன்றாகவே வேலை செய்யும். மோடு டயலில் டிவி (ஷட்டரை நாம் வைக்க, திறப்பைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) மோடில் 1/1000 வைத்து ஐஎஸ்ஓ-வை ஆட்டோவில் விடுங்கள், அதிகாலை மேகமாக இருந்தாலும் சமாளிக்கும். பக்கக்கோட்டில் நின்று பந்தோடு ஓடாதீர்கள். மகளின் அணி எந்தக் கோல் பக்கம் தாக்குகிறதோ அந்தக் கோல் கோட்டுக்குப் பின்னால், கம்பத்துக்கும் மூலைக்கொடிக்கும் நடுவே முழங்கால் போட்டு உட்காருங்கள். முகமும் பந்தும் உங்களை நோக்கி வரும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், உச்சி வெயிலில் நடக்கிற ஆட்டத்தில் கண்ணெல்லாம் நிழலாகத்தான் வரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. 250 எம்எம்-இல் 30, 35 மீட்டர் வரை நல்ல படம் கிடைக்கும். பந்து மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கும்போது எடுக்காமல் காத்திருங்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறினால் நீங்களும் மாறுங்கள்.

பெண் பிள்ளைகளின் ஆட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கபடிக்கும் சேர்த்து. உங்கள் மகளின் தோழிகளை எடுப்பதற்கு முன் பி.இ.டி. ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் கேளுங்கள். இழுபறியில் உடை விலகியிருக்கிற படம், பார்க்கச் சங்கடமான நிலையில் விழுந்திருக்கிற படம் எவ்வளவு கூர்மையாக வந்திருந்தாலும் அதை அன்றே அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரு படம் தவறான கைக்குப் போனதால் வீட்டில் ஆட்டத்தையே நிறுத்திவிடுகிற நிலை நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் எதிர்ப்பை மீறிக் களத்துக்கு வந்திருக்கிறார்கள், நம் கேமரா அவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்க்கும்போது ஒரு ஆட்டத்துக்கு பத்துப் பன்னிரண்டு போதும். முகம், பிடி, கோடு மூன்றும் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு இருந்தால் யோசியுங்கள், ஒன்றுதான் இருக்கிறது என்றால் விடுங்கள். வெட்டுங்கள், களத்துக் கோடு சாய்ந்திருந்தால் நேராக்குங்கள், நிறத்தைச் சரிசெய்யுங்கள். லைட்ரூம் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் புள்ளியைக் குறைக்கிற வசதி இப்போது நன்றாக இருக்கிறது, காசு செலவழிக்க வேண்டாம் என்றால் டார்க்டேபிள் இலவசம். முகம் மெழுகு மாதிரி ஆகிற அளவுக்குப் புள்ளியை நீக்காதீர்கள். வியர்வையும் மண்ணும் தெரிய வேண்டும்.

வாட்டர்மார்க் போடுங்கள், தவறே இல்லை, உழைத்து எடுத்திருக்கிறீர்கள். ஆனால் கீழ்மூலையில் சின்னதாக, பெயரும் தேதியும் மட்டும். ஆட்டக்காரர் உடம்பின் மேல் குறுக்கே போடாதீர்கள், அந்தப் பையன் அதை ஸ்டேட்டஸாக வைக்க மாட்டான். அணிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி விவரம் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பத்திரிகையிலோ ஃப்ளெக்ஸிலோ போட யாராவது கேட்டால் வாட்டர்மார்க் இல்லாத முழு ஃபைலைக் கொடுத்து, படத்துக்குக் கீழே உங்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் நீங்களே ஒரு தடவை பேசிவிடுவது நல்லது. அணியிடம் மட்டும் சொல்லிவிட்டால் பெரும்பாலும் பெயர் விட்டுப்போகும்.